வைஃபை அறுந்தால் என்ன செய்வது?
லினக்ஸ் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு



விண்டோஸ் 10க்குரிய பொதுவான பராமரிப்பு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய மடிக்கணினியை வீசியெறிய மனமில்லாத வியாபாரிகளுக்கு, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் ஒரு நல்ல வழி. 1991ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது இது. உபுண்டு, மின்ட் முதலியவை இதன் வகைகள். குருபோங்கில் நம் சிறு கடையிலும் இதுவே ஓடுகிறது.

ஒருநாள் காலை கடை திறந்தால் வைஃபை இல்லை. முந்தைய இரவு மேசையைத் துடைத்த தம்பிதான் எதையோ கெடுத்துவிட்டான் என்று நாம் முடிவு கட்டி, வாடிக்கையாளர் எதிரிலேயே அவனைக் கடிந்தோம். பிறகு ஆராய்ந்ததில் குற்றம் யாருடையது என்று தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்வோம். பழுதை ஒழுங்காகத் தேடும் முறை இதோ.

முதலாவது, கைப்பேசியில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, கடை வைஃபையில் மட்டும் இணைத்துப் பாருங்கள். அதிலும் வரவில்லையானால் பழுது ரவுட்டரிலோ வெளி இணைப்பிலோ இருக்கிறது. கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம்.

இரண்டாவது, டெர்மினலைத் திறந்து "ஆர்எஃப்கில் லிஸ்ட்" என்று இங்கிலீஷ் சிற்றெழுத்தில் அடியுங்கள். "சாஃப்ட் பிளாக்ட்: எஸ்" என்றால் தடை உள்ளுக்குள் உள்ளது, "ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை" என்றால் நீங்கும். "ஹார்ட் பிளாக்ட்: எஸ்" என்றால் கட்டளைக்கு இளகாது, இயந்திரத்தின் பக்கவாட்டிலோ விசைப்பலகையிலோ உள்ள வைஃபை பொத்தானைத் தேடுங்கள்.

மூன்றாவது, டிரைவர். இது வைஃபை கருவிக்கும் லினக்ஸுக்கும் இடையே நிற்கும் துபாஷி. "எல்எஸ்பிசிஐ" என்று அடித்து, இடைவெளி விட்டு, சிறுகோடும் "கே" எழுத்தும் சேர்த்தால் உள்ளிருக்கும் கருவிகளின் பட்டியல் வரும். வைஃபை கருவியின் கீழே "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரி இல்லையானால் துபாஷி வரவில்லை என்று அறிக. பிராட்காம் சில்லு உள்ள பழைய இயந்திரங்களில் இது அடிக்கடி நேரும். கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைக் கொடுங்கள். பிறகு மின்டில் "டிரைவர் மேனேஜர்", உபுண்டுவில் "அடிஷனல் டிரைவர்ஸ்" திறந்து வேண்டியதை நிறுவலாம்.

நான்காவது, வைஃபை பெயர் தெரிந்தும் இணையவில்லையானால், சேமித்த பெயரை அழித்து, கடவுச்சொல்லை மீண்டும் அடியுங்கள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்பதை மறவாதீர்கள். பழைய இயந்திரங்கள் சில 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே அறியும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் அவற்றுக்குத் தென்படாது.

ஐந்தாவது, இணைந்தும் பக்கம் திறக்கவில்லையானால் "பிங் 8.8.8.8" என்று அடியுங்கள். பதில் வந்தால் பாதை சரி. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பழுதாயிருக்கலாம். தேதியையும் கடிகாரத்தையும் பாருங்கள். தாய் பலகை பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போனாலும் பாதுகாப்புள்ள பக்கங்கள் திறக்க மறுக்கும்.

நம் கடையில் நேர்ந்தது மூன்றாவது வகை. முந்தைய இரவு "அப்டேட் செய்யவா?" என்று கேட்டதற்கு நாமே சரி என்று அழுத்தியிருந்தோம். புதிய கெர்னல் வந்தது. அதற்கேற்ற பிராட்காம் டிரைவர் அமையவில்லை. கம்ப்யூட்டர் எழும்பும்போது எஸ்கேப் விசையை அழுத்தி, "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" பகுதியில் பழைய கெர்னலைத் தேர்ந்ததும் வைஃபை திரும்பிவிட்டது. ஒரு காசு செலவில்லை. (சில இயந்திரங்களில் ஷிப்ட் விசை.)

ஆனால் தம்பியின் முகம் வாடியதற்கு விலை உண்டு. யாருக்கு முன்னால் கடிந்தோமோ, அவர்கள் முன்னாலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். ஆதாரமில்லாத சந்தேகத்தை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. ஆகவே சகோதரர்களே, கருவி பழுதானால் முதலில் சோதியுங்கள். ஆளைக் குற்றம் சொல்வது பிறகு இருக்கட்டும். வல்ல அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.