பம்மா, குளிசையா?



"பம் பிடிக்கத் தொடங்கினால் பிறகு விடேலாது; குமர்ப்பிள்ளை, கலியாணம் பேசுகிற வீட்டில் அறிந்தால் என்ன நினைப்பார்கள்? குளிசையே போதும்." தொய்வு வருத்தமுள்ள பிள்ளை இருக்கும் வீடுகளில் எழும் பேச்சு இது. இது சரிதானா என்று பார்ப்போம்.

தொய்வின்போது சுவாசக் குழாய்களைச் சூழ்ந்த தசைகள் இறுகுகின்றன. உட்சுவர் வீங்கிச் சளி சேருகின்றது. இறுகிய தசையைத் தளர்த்துவது, 1969ஆம் ஆண்டில் பாவனைக்கு வந்த சல்பியூற்றமோல் என்னும் மருந்து. குளிசையிலும் பாணியிலும் நீலப் பம்மிலும் இருப்பது இதுவே. செல்லும் வழிதான் வேறு.

குளிசை வயிற்றில் கரைந்து, இரத்தத்தில் கலந்து, உடலெங்கும் சுற்றியே சுவாசப்பைக்கு வருகின்றது. அதற்கு அரைமணி நேரமளவு செல்லும். நெஞ்சுப் படபடப்பும் கைநடுக்கமும் கூடவே வரலாம். பம் மருந்தோ நேரே சுவாசக் குழாய்களை அடைந்து, சில நிமிடங்களில் வேலை செய்யும். 4 மில்லிகிராம் குளிசையொன்றில் 4000 மைக்ரோகிராம் மருந்து உண்டு; பம்மை இருமுறை அமுக்கினால் வருவது 200 மைக்ரோகிராம் மாத்திரமே. இருபதில் ஒரு பங்கு! அப்படியாயின் கடும் மருந்து எது?

ஆனால் பிழையாகப் பிடித்தால் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். பம்மை நன்கு குலுக்குங்கள். மூச்சை வெளியே விட்டு, உதடுகளால் இறுகப் பற்றி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போது ஒருமுறை அமுக்குங்கள். பத்து விநாடி மூச்சை அடக்குங்கள். சிறுவர்களுக்குப் பம்முடன் பொருத்தும் 'ஸ்பேசர்' அவசியம். கருவியில் இட்டு இழுக்கத் தரப்படும் தூள் மருந்துக் கூடுகளை ஒருபோதும் விழுங்கவேண்டாம்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். நீலப் பம் வீக்கத்தை ஆற்றாது. அதை மாத்திரம் நம்பியிருப்பது ஆபத்து. வீக்கத்தைத் தணிக்கும் வேறு பம்மை வைத்தியர் தந்திருந்தால், சுகமான நாட்களிலும் அதை நிறுத்தாதீர்கள்; பிடித்தபின் வாயைக் கொப்பளியுங்கள். பம் பிடித்தும் மூச்சுமுட்டுக் குறையாவிட்டால், பேச முடியாது திணறினால், உதடு நீலித்தால், விடியும்வரை காத்திராது வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

மார்கழிப் பனியிலும், அடுப்புப் புகையிலும், மடுத் திருவிழாவுக்குப் போகும் வழியிலும் பம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கண்ணாடி அணிவதை நாம் மறைப்பதில்லையே. பம்மை ஏன் ஒளிக்கவேண்டும்? ஒளித்த பம் நள்ளிரவில் உதவாது. மூச்சு இறைவன் தந்த கொடை. அதைக் காப்பதில் வெட்கம் எதற்கு?