பாடசாலைப் போட்டோவும் நம்ம பேர்க் கணக்கும்



வருடக் கடைசி நெருங்கும்போதோ, தரம் 5, தரம் 11 பிள்ளைகள் பாடசாலையை விட்டுப் போகிற காலத்திலோ பிள்ளை ஒரு துண்டுக் கடதாசியோடு வீட்டுக்கு வரும். "அம்மா, போட்டோ பிடிக்கப் போறாங்க. காசு கொண்டாரச் சொன்னாங்க." கடதாசியில் மூன்று நான்கு விலை போட்டிருக்கும். வகுப்புப் படம் ஒரு விலை, தனிப்படம் ஒரு விலை, எல்லாம் சேர்த்து பிரேம் போட்டால் இன்னொரு விலை. சம்பள நாளுக்கு இன்னும் பத்து நாள் இருக்கும். கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு வெட்கம், கொடுத்தால் கடைக்காரருக்குக் கடன். சில வீடுகளில் மூன்றாவது வழி ஒன்றைப் பிடிக்கிறார்கள். போட்டோ பிடிக்கிற நாளில் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவதில்லை. "காய்ச்சல்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

இந்த மூன்றாவது வழி வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தப் பாடம். போட்டோ வாங்காமல் இருக்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வகுப்பு வரிசையில் நிற்க நம்ம பிள்ளைக்குக் காசு தேவையில்லை.

முதலில் சட்டப் பக்கத்தைப் பார்ப்போம். நம் நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. கன்னங்கரா அவர்கள் கொண்டுவந்தது. பாடப்புத்தகம் 1980 முதலும், சீருடைத் துணி 1993 முதலும் இலவசமாகக் கிடைக்கிறது. போட்டோ இந்தக் கணக்கில் சேராது. அது யாரும் இலவசமாகத் தர வேண்டிய பொருளுமில்லை, நாம் கட்டாயம் வாங்க வேண்டிய பொருளுமில்லை. அரச பாடசாலைகளில் பெற்றோரை வற்புறுத்திக் காசு சேர்க்கக் கூடாது என்று கல்வி அமைச்சு பல தடவை சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ஆகவே கடதாசியில் என்ன எழுதியிருந்தாலும் அது ஒரு வியாபார விலைப்பட்டியல்தான். கடைப் பலகையில் எழுதியிருக்கிற மா விலை மாதிரி. வேண்டுமானால் வாங்கலாம்.

இனி விலை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இதைத் தெரிந்துகொண்டால் பேரம் பேசுவது சுலபம்.

அந்தக் காலத்தில் கெமராவுக்குள் பிலிம் ரோல் போடுவார்கள். ஒரு ரோலில் 36 படம். பிலிமைக் கழுவ வேண்டும், நெகடிவ் எடுக்க வேண்டும், இருட்டறையில் மருந்துத் தண்ணீரில் கடதாசியை முக்கி எடுக்க வேண்டும். ஒவ்வொரு 'கிளிக்'குக்கும் செலவு. இப்போது டிஜிட்டல் கெமரா. நூறு தடவை அமுக்கினாலும் படக்காரருக்குக் கூடுதல் செலவு கிடையாது. அவருடைய செலவெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது. ஹட்டனிலிருந்து தோட்டத்துக்கு வரும் வேன் கூலி, ஒரு நாள் வேலை, உதவியாள் சம்பளம், பிறகு அச்சடிக்கிற கடதாசியும் மையும், லெமினேட், பிரேம். கடதாசியும் மையும் வெளிநாட்டுச் சரக்கு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது போட்டோக் கடதாசி மட்டும் தப்புமா? அந்த வருடம் மார்ச்சில் மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். ஆகவே விலை கூடினதற்கெல்லாம் படக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவரும் பிள்ளைக்குட்டிக்காரர்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வேன் கூலியும் ஒரு நாள் வேலையும் நாற்பது பிள்ளைக்கும் ஒன்றுதான், இருநூறு பிள்ளைக்கும் ஒன்றுதான். வாங்குகிறவர்கள் கூடக் கூட ஒரு படத்தின் அடக்கவிலை இறங்க வேண்டும். அதோடு பிரேம், சாவிக்கொத்து, கலண்டர் என்று சேர்க்கிற சாமான்களில்தான் இலாபம் அதிகம். படக்காரர் "முழு செட்" வாங்கச் சொல்வது அதனால்தான்.

இது நம்ம ஊரில் மட்டும் உள்ள பழக்கமல்ல. அமெரிக்காவில் பாடசாலைப் படம் பிடிப்பது பெரிய வியாபாரம். 1936இல் மினசோட்டாவில் தொடங்கிய ஒரு கம்பனி, பின்னாளில் லைஃப்டச் என்று பெயர் வைத்துக்கொண்டது, 2018இல் எண்பத்திரண்டரைக் கோடி டொலருக்குக் கைமாறியது. அதில் பெரும்பகுதி பிள்ளைகளின் படத்தில் வந்த காசு. அங்கேயும் இங்கிலாந்திலும் படக் கம்பனி விற்பனையில் ஒரு பங்கைப் பாடசாலைக்குக் கொடுப்பது வழக்கம். அது தவறு என்று நான் சொல்லவில்லை. அந்தக் காசில் விளையாட்டுச் சாமானோ கரும்பலகையோ வாங்கினால் நல்லதுதான். ஆனால் அந்தப் பங்கு நம்ம கையிலிருந்து போகிற காசு. இங்கே அப்படி ஒரு பங்கு உண்டா, இருந்தால் எவ்வளவு, எதற்குச் செலவாகிறது என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்ல வேண்டும். கேட்பதற்குப் பயப்பட வேண்டாம்.

சரி, நம்ம கணக்குக்கு வருவோம். ரூபாயில் பார்த்தால் சின்னதாகத் தெரியும், பேரில் பார்த்தால்தான் உண்மை தெரியும். 2026ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்டபடி நாட்சம்பளம் 1550 ரூபா. அதில் ஈ.பி.எப். நூற்றுக்கு 8, அதாவது 124 ரூபா போனால் 1426. வரவுக்கென்று அரசாங்கம் கொடுக்கும் 200 ரூபாவையும் சேர்த்தால் 1626. (சந்தா, கடை, கோயில் வரி எல்லாம் இன்னும் கழிக்கவில்லை. அரைப்பேர் விழுந்த நாளைப் பற்றிப் பேசவே இல்லை.)

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். முழு செட் 1800 ரூபா. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், 3600 ஆச்சு. அப்படியென்றால் இரண்டு முழுப் பேர் போதாது, மூன்றாம் நாள் காலைத் தேநீர் நேரம் வரைக்கும் மலையில் நிற்க வேண்டும். அதே இரண்டு பிள்ளைக்கும் வகுப்புப் படம் மட்டும், பிரேம் இல்லாமல், 600 ரூபாவாக வாங்கினால் 1200. முக்கால் பேரோடு முடிந்தது. படத்தில் இருக்கிற பிள்ளை இரண்டிலும் ஒரே பிள்ளைதான்.

என் எண்ணத்தைக் கேட்டால், வகுப்புப் படம் ஒன்று போதும். தனிப்படத்தைப் போனிலேயே எடுத்து, பிறகு நல்ல நாள் பார்த்து டவுனில் அச்சடித்துக்கொள்ளலாம். ஆனால் நாற்பது பிள்ளையும் டீச்சரும் அதிபரும் ஒன்றாக நிற்கிற படத்தை அப்புறம் எந்தக் காசு கொடுத்தாலும் எடுக்க முடியாது. எல்லா வருடமும் வேண்டுமென்றில்லை. தரம் 5இல் ஒன்று, தரம் 11இல் ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் சரி.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் அங்கே இதைப் பேசுங்கள். போட்டோ பிடித்த பிறகு பேசிப் பிரயோசனமில்லை, வருடத் தொடக்கத்திலேயே பேச வேண்டும். ஒரே படக்காரரிடம் போகாமல் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். பக்கத்துத் தோட்டப் பாடசாலையும் சேர்ந்து ஒரே நாளில் அழைத்தால் வேன் கூலி பாதியாகும். காசு கட்டுவது சம்பள நாளுக்குப் பிறகு இருக்கட்டும். படத்தைக் கண்ணால் பார்த்த பிறகு வாங்கலாம் என்றால் இன்னும் நல்லது, கண் மூடிய படத்துக்குக் காசு கொடுத்தவர்கள் நம்மில் நிறையப் பேர். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தீர்மானம் எழுதி வையுங்கள்: காசு கட்டாத பிள்ளையும் வரிசையில் நிற்கும், முன்னாலே நிற்க வேண்டிய உயரமானால் முன்னாலேயே நிற்கும். சங்கத்துக்கு வசதியிருந்தால் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று படம் இனாமாகத் தரும்படி படக்காரரிடம் கேட்கலாம். நாற்பது படம் விற்கிறவருக்கு அது பாரமில்லை. யாருக்கு இனாம் என்பது டீச்சருக்கு மட்டும் தெரிந்தால் போதும், வகுப்பில் பெயர் வாசிக்க வேண்டாம்.

போட்டோக்களில் ஒன்று மட்டும் வேறு கணக்கு. அடையாள அட்டைப் படம். பதினைந்து வயது நிறைந்த பிள்ளை விண்ணப்பிக்க வேண்டும், சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் அதைக் கேட்பார்கள். முன்பு படத்தை ஒட்டி அனுப்பினோம். இப்போது ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். ஸ்டூடியோக்காரர் படத்தைக் கணினி வழியாக அனுப்பிவிட்டு ஒரு துண்டு கொடுப்பார், அந்தத் துண்டு பத்திரம். பாடசாலையில் எடுத்த தனிப்படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இதற்கு உதவாது. "ஏற்கெனவே எடுத்தாச்சே" என்று இருந்துவிட்டுக் கடைசி நேரத்தில் ஓடினால் ஒரு பேரும் போய் பஸ் காசும் போகும். தரம் 10 முடியும்போதே பிறப்புச் சான்றிதழில் பெயர் சரியா என்று பார்த்து அதிபரிடம் பேசுங்கள். பதிந்த ஸ்டூடியோக்காரர் பாடசாலைக்கே வருவாரா என்றும் கேளுங்கள். கையில் இருப்பது ஒரு படத்துக்கான காசு மட்டும் என்றால் இதற்குத்தான் முதலிடம், வகுப்புப் படம் அடுத்தது.

வாங்கின படத்தைப் பாதுகாப்பதும் சொல்ல வேண்டும். லயத்தில் கூரை ஒழுகும், அடுப்புப் புகை ஏறும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் எத்தனையோ வீடுகள் மண்ணுக்குள் போயின. சுவரில் மாட்டின படத்தைவிட, பிறப்புச் சான்றிதழோடு பிளாஸ்டிக் உறையில் சேர்த்துக் கட்டி வைத்த படம் கையோடு எடுத்துக்கொண்டு ஓடத் தோதானது. போனில் ஒரு பிரதி எடுத்து வெளியூரில் இருக்கிற சொந்தக்காரருக்கு அனுப்பி வையுங்கள்.

இன்னொரு வேலை இருக்கிறது, அதற்குக் காசு வேண்டாம். நம்ம பக்கத்து ஆட்களைப் படம் பிடிப்பது இன்று நேற்று வந்ததல்ல. ஜூலியா மார்கரெட் கெமரன் என்று உலகம் பேசுகிற ஒரு ஆங்கிலேயப் படப்பிடிப்பாளர் அம்மா, 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயா கிளன்கெயான் தோட்டத்தில் இறந்துபோனார். பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் கோயில் தோட்டத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் எத்தனையோ பேர், தெரிந்தவர்கள் சிலர். இங்கே இருந்தபோது அவர் தோட்டத்தில் வேலை செய்தவர்களையும் படம் பிடித்தார். அந்தப் படங்கள் வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. அவர் பெயர் எல்லாவற்றிலும் உண்டு. படத்தில் நிற்கிறவர்களில் அநேகம் பேருக்குப் பெயர் இல்லை.

ஆகவே வகுப்புப் படம் வீட்டுக்கு வந்த அன்று இரவே பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, பின்பக்கத்தில் வருடம், தரம், பாடசாலை, தோட்டம் எழுதுங்கள். பிறகு வரிசை வரிசையாக, இடமிருந்து வலமாக எல்லாருடைய பெயரையும் பிள்ளை சொல்லச் சொல்ல எழுதுங்கள். படம் வாங்க முடியாத பிள்ளையின் பெயரும் அதில் வரும். பென்சிலால், அமுக்காமல் எழுதுங்கள். பேனை என்றால் அழுத்தம் முன்பக்கத்தில் தெரியலாம், மை முகத்திலே படவும் கூடும்.