கிணற்று நீரும் சிறுநீரகமும்

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்ததாக வான்சிறப்பை வைத்தார். அப்பூதி அடிகள் நாயனார் திங்களூரிலே திருநாவுக்கரசு சுவாமிகளின் திருப்பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்தார். தேர், தீர்த்த நாட்களில் தாகசாந்தி நிலையம் வைத்து மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வழங்கும் நமது வழக்கமும் அந்த மரபின் தொடர்ச்சியே. தாகம் தீர்க்கும் அந்த நீர் நோய் தராத நீராகவும் இருக்க வேண்டும் அல்லவா?

நமது உடலில் முதுகுப்புறமாக, இடுப்புக்குச் சற்று மேலே, இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. இவை ஒரு நாளில் ஏறக்குறைய 180 லீற்றர் திரவத்தை வடிகட்டி, அதில் பெரும்பகுதியை மீண்டும் குருதிக்கே கொடுத்து, கழிவுகளைச் சுமார் ஒன்றரை லீற்றர் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இவை பழுதடையும்போது ஆரம்பத்தில் நோவோ வேறு அறிகுறியோ தோன்றுவதில்லை. கால் வீக்கம், களைப்பு, பசியின்மை என்பன தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது.

நமது நாட்டின் வடமத்திய மாகாணத்தில் மதவாச்சி, பதவியா முதலிய இடங்களில் 1990களின் நடுப்பகுதியில் இருந்து விவசாயிகள் பலர் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு ஆளாகி வருகின்றனர். அவர்களில் அநேகருக்கு நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ இருக்கவில்லை. கிணற்று நீரின் புளோரைட்டும் கடினத்தன்மையும், விவசாய இரசாயனங்கள், வெயிலில் போதிய நீர் அருந்தாது உழைத்தல் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டன. ஒன்றே காரணம் என்று இன்னும் நிறுவப்படவில்லை. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடையேயும் இத்தகைய நோய் காணப்படுகிறது.

நமது குடாநாட்டின் நிலை வேறு. இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. அரியாலை கடல்நீரேரியை அண்டிய ஊர். அளவுக்கு மிஞ்சி நீரை இறைத்தால் கீழுள்ள உவர் மேலே வரும். அந்த வெடிப்புகளூடாகவே தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழியின் கழிவும் கிணற்றை அடைகின்றன. இவற்றால் நைத்திரேற்று கூடுகிறது. ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அது மிகும்போது முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளே. குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும்.

கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கொதிக்க வைத்தல் கிருமிகளை அழிக்கும். நைத்திரேற்றையும் உப்பையும் அகற்றாது. நீர் வற்றுவதால் அவற்றின் செறிவு சிறிது கூடவும் செய்யும். கேத்திலின் அடியிலே வெள்ளையாகப் படியும் சுண்ணத்தைக் கண்டு, அதுவே சிறுநீரகக் கல்லாகிவிடும் என அஞ்சித் தண்ணீரைக் குறைப்போரும் உளர். இது பெருந்தவறு. நீர் குறைவாக அருந்துவதே கல் உண்டாவதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்றாகும்.

பொதுவாகச் சிறுநீரகத்தைக் கெடுப்பவற்றுள் முதலிடம் நீரிழிவுக்கும் உயர் குருதி அமுக்கத்துக்குமே உரியது. ஆகவே நீரை மட்டும் குறைகூறி இவற்றை மறந்துவிடக் கூடாது. நாம் செய்யத்தக்கவை சில:

1. கிணற்று நீரை ஆய்வுகூடத்தில் பரிசோதித்தல். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இதற்கு ஆலோசனை பெறலாம்.
2. மலசலகூடக் குழியைக் கிணற்றில் இருந்து இயன்றளவு தூரத்தில், கழிவு கசியாதபடி அமைத்தல்.
3. பசளையை அளவோடு இடுதல், மழைநீரைச் சேமித்தல்.
4. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்குமளவுக்கு நீர் அருந்துதல். இருதய, சிறுநீரக நோயாளர் வைத்தியர் சொல்லும் அளவையே பின்பற்ற வேண்டும்.
5. நீரிழிவு, குருதி அமுக்கம் உள்ளோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் குருதியில் கிரியற்றினினையும் சிறுநீரில் புரதத்தையும் பரிசோதித்தல்.
6. நோவு மாத்திரைகளை வைத்திய ஆலோசனையின்றித் தொடர்ந்து உட்கொள்ளாதிருத்தல்.

தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்டது. குழாய்நீர் வந்தாலும் கிணறு நமது முதுசொம். ஒரு வீட்டுக் குழியின் கசிவு அயல்வீட்டுக் கிணற்றைக் கெடுக்கும். ஆதலால் நமது வளவின் நிலத்தைத் தூய்மையாக வைத்திருப்பதும் அயலவருக்கு வைக்கும் ஒரு தண்ணீர்ப் பந்தலே ஆகும்.