குருத்தணுவும் முதுமையும்

கடந்த நவராத்திரியின் ஏழாம் நாள், அன்னதானம் முடிந்து இலை எடுக்கும் நேரத்தில், நம் ஆலயத்திற்கு நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கும் ஓர் அம்மையார் என்னைத் தனியே அழைத்து, கைப்பையிலிருந்து ஒரு வண்ணத் தாளை எடுத்து நீட்டினார். ‘ஸ்டெம் செல் பானம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. முழங்கால் தேய்மானம் சரியாகும், முகச் சுருக்கம் மறையும், பத்து வயது குறையும் என்றெல்லாம் கண்டிருந்தது. ஆறு மாதத்திற்குச் சேர்த்து வாங்கினால் தள்ளுபடியாம். “தம்பி, நீங்கள் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவராயிற்றே. மத்திய சேமநிதியில் எடுத்த பணம் கொஞ்சம் இருக்கிறது. வாங்கலாமா?” என்று கேட்டார். நின்ற நிலையில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற விஷயமாக அது இல்லை. பிறகு அவரிடம் உட்கார்ந்து பேசியதையே அன்பர்கள் அனைவருக்குமாக இங்கு எழுதுகிறேன்.

நம் உடல் ஒருமுறை கட்டி முடித்துவிட்ட கட்டடம் அன்று. குடலின் உட்புறப் படலம் நான்கைந்து நாட்களில் புதிதாகிவிடுகிறது. மேல்தோல் ஏறத்தாழ ஒரு மாதத்தில் மாறுகிறது. இரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்களே. ஆகவே ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 20 இலட்சம் சிவப்பணுக்கள் புதிதாகப் பிறந்தாக வேண்டும். இவற்றைப் பிறப்பிக்கும் தாய் அணுக்களே குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள். வாழை மரத்தில் பழைய இலை காய்ந்து தொங்க, நடுவிலிருந்து குருத்து வந்துகொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதே ஏற்பாடுதான். எலும்பு மஞ்சையில் இத்தகைய அணுக்கள் இருப்பதை 1961இல் கனடாவின் டொரொண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் என்ற இருவர் எலிகளைக் கொண்டு மெய்ப்பித்தனர்.

ஆனால் எல்லா உறுப்பிலும் குருத்து ஒன்றுபோல் ஊறுவதில்லை. முழங்கால் மூட்டில் மெத்தைபோல் இருப்பதைக் குருத்தெலும்பு என்கிறோம். பெயரில்தான் குருத்து, இரத்தக் குழாயே இல்லாத அந்தத் திசு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வது மிக மிக அரிது. தவிர, குருத்தணுக்களுக்கும் வயதாகிறது. ஆண்டுகள் ஏற ஏற அவற்றின் மரபணுவில் பழுதுகள் சேர்கின்றன. பிரியும் வேகமும் குறைகிறது. எழுபது வயதில் ஒரு காயம் ஆற இருபது வயதைவிட நாள் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். யயாதி மன்னன் தன் முதுமையை மகன் பூருவிடம் கொடுத்துவிட்டு அவனது இளமையை வாங்கிக்கொண்ட கதை மகாபாரதத்தில் வருகிறது. வண்ணத் தாள்காரர்கள் விற்பதும் அந்த ஆசையைத்தான்.

இனி அந்தப் பானத்திற்கு வருவோம். அதிலிருப்பது ஆப்பிளின் அணுவோ ஆட்டின் நஞ்சுக்கொடியோ, எதுவாயினும் வாய்வழியே உள்ளே போனால் இரைப்பையின் அமிலமும் குடலின் செரிமான நீரும் அதைச் சிதைத்துவிடும். காலையில் உண்ட இட்லிக்கும் சாம்பாருக்கும் நேர்கிற அதே கதிதான். அது உயிரோடு பயணம் செய்து முழங்காலைத் தேடிப்போய்க் குருத்தெலும்பாக மாற வழியே இல்லை.

ஊசியின் கதை வேறு. கொழுப்பிலிருந்தோ மஞ்சையிலிருந்தோ எடுத்த அணுக்களை மூட்டில் செலுத்துவது உண்மையாகவே ஆராயப்படுகிறது. ஆனால் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, அவ்வூசிகள் மூட்டுவலிக்கு வழக்கமாகப் போடும் ஸ்டீராய்டு ஊசியைவிட மேலாக வலியைக் குறைக்கவில்லை. கெடுதலும் நேர்ந்திருக்கிறது. பார்வை மங்கிவந்த மூன்று முதிய பெண்மணிகள் ஃபுளோரிடாவில் ஒரு தனியார் நிலையத்தில் தங்கள் கொழுப்பிலிருந்து எடுத்த அணுக்களைக் கண்ணில் செலுத்திக்கொண்டு, இருந்த பார்வையையும் பெருமளவு இழந்தனர். அச்செய்தி 2017இல் மருத்துவ ஏட்டில் வந்தது. அவர்கள் அதற்குப் பணமும் கட்டியிருந்தார்கள்!

இத்துறையே பொய் என்று சொல்ல வரவில்லை. ஜப்பானின் ஷின்யா யமானாக்கா முதிர்ந்த அணுவை மீண்டும் குருத்து நிலைக்குக் கொண்டுபோக முடியும் என்று 2006இல் காட்டி, 2012இல் நோபெல் பரிசு பெற்றார். அதன் பலன்கள் மெல்ல வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் நெடுங்காலமாக உயிர்களைக் காத்துவரும் குருத்தணு மருத்துவம் எலும்பு மஞ்சை மாற்றுச் சிகிச்சையே. அதற்கு வழி வகுத்த டாக்டர் டோனல் தாமஸ் 1990இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இரத்தப் புற்றுநோயாளிக்கு இச்சிகிச்சை நடந்து இரண்டு மூன்று வாரங்களில், வெறுமையாகக் கிடந்த இரத்தத்தில் வெள்ளணுக்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். நுண்ணோக்கியில் அதை எண்ணுகிற வேலை எனக்கு இருந்தது. அந்த எண்ணைத் தொலைபேசியில் வார்டுக்குச் சொல்லும்போது மறுமுனையில் தாதி “மறுபடியும் சொல்லுங்கள்” என்பார்.

இதில் நமக்கு ஒரு பங்கு உண்டு. திசுப் பொருத்தம் பெற்றோரிடமிருந்து பாதி பாதியாக வருவது. உடன்பிறந்த ஒருவருடன் முழுதும் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பே. பொருந்தாவிட்டால் அந்நியர் ஒருவரைத் தேடவேண்டும். அப்பொருத்தம் பெரும்பாலும் ஒரே வம்சாவளியினரிடம் கிடைப்பதால், ஒரு தமிழ்க் குழந்தைக்கு உரியவர் இன்னோர் இந்தியராக இருக்கவே வாய்ப்பு அதிகம். சிங்கப்பூரில் இதற்கான எலும்பு மஞ்சை நன்கொடைத் திட்டம் 1993இல் தொடங்கப்பட்டது. ஆரோக்கியமான இளையர்கள் பதிந்துகொள்ளலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுப்பதோடு பதிவு முடிந்துவிடும்.

“முதுகுத் தண்டில் குத்துவார்கள், கால் விழுந்துவிடும்” என்று தாய்மார்கள் தடுப்பதைக் கேட்டிருக்கிறேன். முதுகுத் தண்டை யாரும் தொடுவதில்லை. பெரும்பாலும் சில நாட்கள் ஊசி போட்டுக் குருத்தணுக்களை இரத்தத்தில் பெருகச் செய்து, ஒரு கையிலிருந்து இரத்தத்தை எடுத்து, அவற்றை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியைத் திரும்பச் செலுத்துவார்கள். ஊசி போடும் நாட்களில் எலும்பு வலிக்கும், காய்ச்சல் வந்தாற்போல் இருக்கும். சிலரிடம் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து மஞ்சையை எடுப்பார்கள். கொடுத்தது சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும்.

அந்த அம்மையார் பானம் வாங்கவில்லை. பலதுறை மருந்தகம் சென்று, இயன்மருத்துவர் சொல்லிக்கொடுத்த தொடைத் தசைப் பயிற்சியைச் செய்துவருகிறார்; படியேறும்போது வலி சற்றுக் குறைந்திருப்பதாகச் சொன்னார். அவர் பேரன் தேசிய சேவையில் இருக்கிறான், பதிவு செய்ய விரும்புகிறான். அவனிடம் ஒன்று சொல்லிவைத்தேன். சிகிச்சைக்குச் சில நாட்கள் முன்பே நோயாளியின் மஞ்சையை மருந்தால் முற்றிலும் அழித்துவிடுவார்கள். அதன்பின் கொடுப்பவர் மனம் மாறினால், படுத்திருப்பவருக்குத் திரும்பிப்போக இரத்தம் ஊறும் இடமே இருக்காது. ஆகவே வீட்டில் எல்லோரிடமும் பேசிவிட்டுப் பதியச் சொன்னேன்.