சீசனில் எங்கே தங்கலாம்?

கேள்வி: சாரல் சீசனில் குடும்பத்தோடு குற்றாலம் போகிறோம். குறைந்த வாடகையில் எங்கே தங்கலாம்?

பதில்: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மெயினருவிப் பக்கம் வாடகை ஏறிவிடும். சனி, ஞாயிறில் இன்னும் மோசம். தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசைப் பக்கம் விசாரியுங்கள். தென்காசியிலிருந்து அருவிக்கு ஐந்து கிலோமீட்டர்தான், பஸ் உண்டு.

அட்வான்ஸ் கொடுக்குமுன் அறையைப் பாருங்கள். தலையணையைக் கையால் அழுத்துங்கள்; சாரல் காலத்தில் பஞ்சு ஈரம் கோத்துக் கிடக்கும், பூஞ்சை வாடை அடிக்கும். குழந்தைகளுக்கு அது ஆகவே ஆகாது. ஜன்னலைத் திறந்து பாருங்கள். ஈரத்துணி உலர்த்தக் கொடி இருக்கிறதா? டிவியைவிட அதுதான் முக்கியம். முதலில் ஒரு நாளுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். ஏனென்றால், அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள்; அப்போது உடனே கிளம்ப வசதியாக இருக்கும்.