சூரியனின் ஒளிமகுடம்

அடுப்பைவிட்டு விலக விலகச் சூடு குறையும் என்பதை நாம் அறிவோம். சூரியனிடமோ இந்த விதி செல்லவில்லை! அதன் மேற்பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ். அதற்கு மேலே பரந்துள்ள 'கொரோனா' என்னும் ஒளிமகுடத்திலோ 10 லட்சம் டிகிரிக்கும் மேல்!

1869-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, கொரோனாவின் நிறமாலையில் ஒரு பச்சைக் கோடு தென்பட்டது. புதிய தனிமமென்று எண்ணிக் 'கொரோனியம்' எனப் பெயரிட்டனர். சுமார் 70 ஆண்டுகளுக்குப் பின், அது 13 எலெக்ட்ரான்களை இழந்த இரும்பே என்று தெளிந்தது. கடும் வெப்பமின்றி இது நேராது.

இவ்வெப்பம் எங்கிருந்து வருகிறது? சூரியப் பரப்பின் கொந்தளிப்பு காந்தப்புலங்களை அசைக்கிறது. அவ்வசைவு அலைகளாக மேலேறி வெப்பமாகிறது என்பர் சிலர். முறுக்கேறிய காந்தக் கோடுகள் அறுந்து இணையும்போது எழும் சிறு வெடிப்புகளே காரணம் என்றார் பார்க்கர். அவர் பெயர் தாங்கிய விண்கலம் 2021-இல் கொரோனாவுக்குள்ளேயே புகுந்தது. ஆயினும் வழக்கு இன்னும் தீரவில்லை. தோழியரே, தீர்ப்பு நம்முள் ஒருத்திக்காகக் காத்திருக்கலாம் அன்றோ?