குழந்தையின் தொடையெலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போடும் முறை

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்குத் தொடையெலும்பின் நடுப்பகுதி முறிந்து, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய அளவு 2 சென்டிமீட்டருக்குள் இருக்குமாயின், பெரும்பாலும் சஸ்திர சிகிச்சையின்றியே, மார்பின் கீழிருந்து கால்வரை இறங்கும் 'ஸ்பைகா' என்னும் மாவுக்கட்டினால் அதைக் குணப்படுத்திவிடலாம். வளரும் எலும்பு சிறு கோணலைக் காலக்கிரமத்தில் தானே நிமிர்த்திக்கொள்ளும். அழுத்துண்ட நரம்புக்கும் ரத்தம் தடைப்பட்ட தசைக்கும் அந்தச் சக்தி இல்லை. ஆகையால், இக்கட்டைப் போடப் பயிலும் இளம் வைத்தியர் எலும்பின் மீது வைக்கும் கவனத்தினும் மிகுதியான கவனத்தைச் சதையின் மீது வைத்தல் அவசியம்.

முதலாவதாக, குழந்தையின் உடல் முழுவதையும் பரிசோதித்து, பாதத்தின் நாடித்துடிப்பையும் விரல்களின் அசைவையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் நடக்கத் தொடங்காத சிசுவாயின், யாரேனும் துன்புறுத்தியதால் முறிவு நேர்ந்ததா என்று விசாரிப்பதும் வைத்தியரின் தர்மமே.

இரண்டாவதாக, மயக்க மருந்து கொடுத்து, இதற்கென அமைந்த மேஜையில் குழந்தையைக் கிடத்தி, உள்ளுறை அணிவித்து, வயிற்றின்மேல் மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். கட்டு இறுகியபின் அதை உருவிவிட்டால், மூச்சு விடவும் உணவு கொள்ளவும் வேண்டிய இடைவெளி எஞ்சும்.

மூன்றாவதாக, உதவியாளர் இடுப்பையும் முழங்காலையும் 60 முதல் 90 பாகை வரை மடக்கி, தொடைகளைச் சுமார் 30 பாகை அகற்றிப் பிடித்திருக்க, பஞ்சுச் சுருளைச் சீராகச் சுற்றுங்கள். இடுப்பெலும்பின் விளிம்பு, முதுகின் அடிப்பகுதி, முழங்காலின் பின்குழி, நரம்பு தோலை ஒட்டி ஓடும் முழங்காலின் வெளிப்புறம் ஆகிய இடங்களில் பஞ்சு கூடுதலாக இருக்கட்டும்.

நான்காவதாக, டச்சு ராணுவ வைத்தியர் அந்தோனியஸ் மத்தைசன் 1852-இல் வெளியிட்ட முறையின் வழிவந்த பிளாஸ்டர் துணிச்சுருளை, வெந்நீரில் அன்று, மிதமான நீரில் நனைத்து, இழுக்காமல் உருட்டிச் சுற்றுங்கள்; பிளாஸ்டர் இறுகும்போது தானே வெப்பம் உண்டாக்குவதால், வெந்நீர் சருமத்தைச் சுட்டுவிடக்கூடும். முறிந்த காலில் கணுக்காலின் மேல்வரையும், மற்றக் காலில் முழங்காலின் மேல்வரையும் கட்டு நீளவேண்டும். எளிதில் உடையும் தொடைச்சந்தில் பட்டைகள் வைத்து வலுவூட்டவேண்டும். முழங்காலுக்குக் கீழே முதலில் கட்டி அதைப் பற்றி இழுக்கும் வழக்கத்தை அறவே விலக்குங்கள். கெண்டைக்காலில் அழுத்தம் மிகுந்து தசை மடிந்த துர்ப்பாக்கியங்கள் அதனால் நேர்ந்திருக்கின்றன. தொடையின் வெளிப்புறத்தை, குழி விழும்படி விரல்நுனியால் அல்லாமல், உள்ளங்கையால் அணைத்து வடிவமைத்தால், எலும்பு வெளிப்பக்கம் வளைவது தடைப்படும்.

ஐந்தாவதாக, மயக்கம் தெளியுமுன் எக்ஸ்ரே எடுங்கள். இரண்டு முதல் ஐந்து வயதில், பக்கவாட்டில் 15 பாகையும் முன்பின்னாக 20 பாகையும் கோணல் இருப்பினும் கவலையில்லை. பின்னர் மலஜலம் கழிக்கத் தாராளமாகத் திறப்பு வெட்டி, ஓரங்களை மிருதுவான துணியால் மூடுங்கள். கால்களுக்கிடையே மரச்சட்டம் பொருத்தினால், அதைப் பிடித்துக் குழந்தையைத் தூக்கலாகாது என்று தாய்க்குச் சொல்லுங்கள்.

சுமார் ஆறு வாரம் கட்டு இருக்கும். முதல் சில வாரங்களில் வாரந்தோறும் எக்ஸ்ரே அவசியம். விரல்கள் வெளுத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, வீங்கினாலோ, மருந்துக்கும் அடங்காமல் குழந்தை அழுதாலோ, அதைப் பிடிவாதமென்று எண்ணிக் காலை வரை காத்திராமல், நள்ளிரவாயினும் கட்டைப் பிளந்து பார்த்துவிடுங்கள். கட்டை மறுநாளும் போடலாம், மடிந்த தசையை மீட்க இயலாது.